ஓடும்போதே சர்வரை மேம்படுத்தலாமா?

கேள்வி: செஃப் (Ceph: தரவைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைக்கும் மென்பொருள்) ஓடும் ஐந்து ஸ்டோரேஜ் சர்வர்கள், அவற்றை நம்பி நாற்பது விர்ச்சுவல் மெஷின்கள். எதையும் நிறுத்தாமல் புதிய பதிப்புக்கு மாற முடியுமா?

பதில்: தாராளமாக. ஒவ்வொரு சர்வராகச் செய்யுங்கள். செஃப்பின் நிரல்களில் முதலில் கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர்கள், அடுத்து நிர்வாகத்தைக் கவனிக்கும் மேனேஜர், அப்புறம்தான் வட்டுகளைக் கவனிக்கும் ஓஎஸ்டிகள்.

ரீபூட்டுக்கு முன் ‘நோஅவுட்’ (noout: விழுந்த ஓஎஸ்டியை ஒதுக்கிவிடாதே என்று செஃப்பிடம் சொல்லும் அமைப்பு) போட மறக்காதீர்கள். ஓஎஸ்டி விழுந்து 600 விநாடி ஆனால், அது போயே போய்விட்டது என்று முடிவுகட்டி, செஃப் தரவை வேறு சர்வர்களில் நகலெடுக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை நான் இதை மறந்துவிட்டேன். பூட் ஆகும்போது மெமரி சோதனையே கால் மணி நேரம் ஓடியது. பதினோராவது நிமிடம் நெட்வொர்க் நிரம்பி, பில்லிங் மெஷின் திணற ஆரம்பித்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டளையைக் காகிதத்தில் எழுதி, கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

தரவுக்கு மூன்று நகல், வேலை நடக்கக் குறைந்தபட்சம் இரண்டு என்ற அமைப்பு இருந்தால் ஒரு சர்வர் படுத்தாலும் வேலை நடக்கும். இரண்டாவதும் படுத்தால், இரண்டிலும் நகல் வைத்திருந்த தரவைப் படிக்கவோ எழுதவோ முடியாது. அதனால் பிஜிக்கள் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுதிகள்) எல்லாம் ‘ஆக்டிவ் பிளஸ் கிளீன்’, அதாவது எல்லா நகல்களும் சரியாக உள்ள நிலை, ஆகும்வரை அடுத்த சர்வரைத் தொடாதீர்கள். நோஅவுட் இருக்கும்வரை செஃப் ‘ஹெல்த் வார்ன்’ என்ற எச்சரிக்கையைத்தான் காட்டும், பயம் வேண்டாம். சரி, எல்லாம் முடிந்ததும் நோஅவுட்டை எடுத்துவிடுங்கள்.