உற்பத்தி நின்றுபோன ஸ்பீக்கர்: வூஃபரை மாற்றவா, சரிசெய்யவா?

கேள்வி: 1991-ல் அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாஸுக்கு 8 அங்குல வூஃபர், அதற்கு மேல் கீச்சொலிக்கு ஒரு சின்ன ட்வீட்டர். சில மாதங்களாக இடது பக்கத்தில் பாஸ் வரும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தால், கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. மாடல் நின்று பல வருஷம் ஆகிவிட்டது, பாகம் கிடைக்காது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவர், வேறு 8 அங்குல வூஃபர் வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். மாட்டலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: மாட்ட வேண்டாம். உங்கள் வூஃபரில் கெட்டுப்போனது அநேகமாக அந்த வளையம் மட்டும்தான். கோனும் வாய்ஸ் காயிலும் (கோனின் அடியில் உள்ள கம்பிச்சுருள்) மேக்னெட்டும் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வளையத்தை மாற்றினாலே உங்கள் அப்பா வாங்கிய அதே ஸ்பீக்கர் அதே குரலில் பாடும். ஆனால் அதுவரை அதை ஓட்டாதீர்கள். கோனை நடுவில் பிடித்து வைப்பதில் பாதி வேலை அந்த வளையத்துடையது. அது போனபிறகு கோன் சாய்ந்து ஆடும். பின்னால் உள்ள காயில் மேக்னெட் இடுக்கில் உரசும். அந்த இடுக்கில் காயிலுக்கு இருக்கும் இடைவெளி பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நீங்கள் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் இந்த உரசல்தான். இப்படியே ஓட்டினால் காயில் கம்பியின் எனாமல் சுரண்டப்பட்டு, வளையத்தோடு முடிய வேண்டிய செலவு காயில்வரை போய்விடும்.

ஃபோம் ஏன் உதிர்கிறது என்று பலர் குழம்புகிறார்கள். அதிகம் பாடவிட்டதால் அல்ல. அது பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரப்பதமே அதன் ரசாயனப் பிணைப்பை மெல்ல அறுத்துவிடும். அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே பரணில் வைத்திருந்த ஸ்பீக்கரிலும் இது நடக்கும். எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை வந்த ஏராளமான ஜேபிஎல், இன்ஃபினிட்டி, அட்வென்ட் ஸ்பீக்கர்களில் இன்று இதே நிலைதான். ஃபோம் எடை குறைவு, நன்றாக வளைந்து கொடுக்கும் என்பதால்தான் வடிவமைத்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் வலது பக்க வளையமும் அதே வயதுதான். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டினால் அதற்கும் நாள் நெருங்கிவிட்டது. ஒட்டாவிட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பாஸ் இரு பக்கமும் ஒன்றுபோல வராது.

கழற்றும் முன் கோளாறு ஸ்பீக்கரில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இடது வலது வயர்களை மாற்றி மாட்டினால், ஆம்ப்ளிஃபயர் கோளாறு என்றால் கரகரப்பும் பக்கம் மாறிவிடும். மாறாவிட்டால் வூஃபரை வெளியே எடுக்கலாம். திருகுகளைக் கழற்றும்போது ஒரு கையால் கோனை மறைத்துக்கொள்ளுங்கள். மேக்னெட் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும், ஒரு நொடியில் கோனில் ஓட்டை விழுந்துவிடும். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிரியுங்கள்.

இப்போது மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து வூஃபரின் இரு முனைகளையும் தொடுங்கள். 8 ஓம் வூஃபர் என்றால் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 4-க்குள். வலது பக்க வூஃபர் காட்டும் எண்தான் உங்களுக்குச் சரியான அளவுகோல். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். முனையிலிருந்து கோனுக்குத் தாவும் பின்னல் கம்பி பல வருஷம் ஆடி ஆடி வேரோடு அறுந்திருக்கலாம். அதைச் சால்டர் வைத்துச் சரிசெய்துவிடலாம். அடுத்து, கோனை நடுவில் நிலைநிறுத்தி, இரு கைவிரல்களையும் எதிரெதிரே வைத்து மெதுவாக உள்ளே அமுக்குங்கள். நேராக அமுக்கும்போது சத்தமே இல்லாமல் போய்வந்தால் காயில் நலம். நேராக அமுக்கியும் சரசரத்தால் காயில் உருக்குலைந்திருக்கிறது, அல்லது ஸ்பீக்கர் எப்போதோ கீழே விழுந்து மேக்னெட் நகர்ந்திருக்கிறது.

கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். 8 அங்குலம் என்பது வூஃபரின் வெளி அளவு மட்டும்தான். ஒரு வூஃபர் எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்பதை அதன் ஒத்ததிர்வு, கோனின் எடை, சஸ்பென்ஷனின் (கோனைத் தாங்கும் பாகங்களின்) விறைப்பு, மேக்னெட்டின் பலம் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. 1961-ல் ஆஸ்திரேலியாவில் பொறியாளர் நெவில் தீலும், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மாலும் இதைக் கணக்காக்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கணக்குப்படிதான் பெட்டியின் கொள்ளளவும் காற்றுத்துளையின் நீளமும் முடிவாகின்றன. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் உள்ளே இருக்கிறது, அதுவும் அந்த வூஃபருக்கென்றே அமைத்தது. யமஹா 1978-ல் கொண்டுவந்த என்எஸ்-10 ஸ்பீக்கரைப் பாருங்கள். வெள்ளைக் கோன் போட்ட அந்தச் சின்னப் பெட்டி வீட்டு ஸ்பீக்கராக எடுபடவில்லை, ஆனால் உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது. 2001-ல் அந்தக் கோனுக்கான காகிதக்கூழ் கிடைக்கவில்லை என்று சொல்லி யமஹா அந்த ஸ்பீக்கரையே நிறுத்திவிட்டது. வேறு கோன் போட்டு அதே பெயரில் விற்கவில்லை. செய்தவர்களே துணியாத வேலையை ஒரு கடையில் அரை மணி நேரத்தில் செய்துவிட முடியாது.

வளையம் வாங்கும்போதும் 8 அங்குலம் என்று மட்டும் கேட்காதீர்கள். நான்கு அளவுகள் வேண்டும்: ஃபிரேமில் ஒட்டும் வெளி விளிம்பு, உப்பிய மேட்டின் வெளி விட்டம், அதன் உள் விட்டம், கோனில் ஒட்டும் உள் விளிம்பு. அந்த உள் விளிம்பு தட்டையா, கோனின் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்ததா என்பதையும், அது கோனின் மேலே ஒட்டியிருந்ததா அடியில் ஒட்டியிருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம், இணையத்தில் ஜோடியாகவும் வாங்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு ரப்பர்தான் தாங்கும் என்று சிலர் ரப்பர் வளையத்தை நீட்டுவார்கள். தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் கனம் கூடியது, கோனின் அசைவை மாற்றிவிடும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய ஃபோமின் பிசுக்கை எடுப்பதில்தான் பொறுமை தேவை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, நகத்தாலோ மழுங்கிய பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டி எடுங்கள். தின்னர் வேண்டாம். கோன் காகிதமாக இருந்தால் ஊறவிடாதீர்கள். பழைய பசை மேடாக நின்றால் புது வளையம் சமமாக உட்காராது. காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகையே போதும். மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். பளபளக்கும் பாலிபுரோப்பிலீன் கோனில் அது பிடிக்காது, அதற்கென்று விற்கும் பசை வேண்டும். சூப்பர் குளூ எதற்கும் ஆகாது. காய்ந்தால் கல்லாகி, விளிம்பிலேயே வெடிக்கும்.

முதலில் உள் விளிம்பைக் கோனில் ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் வெளி விளிம்புக்குப் பசை தடவுங்கள். வேலை நிலைப்பதும் வீணாவதும் இனி வரும் கால் மணி நேரத்தில்தான். வூஃபரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, டோன் ஜெனரேட்டர் ஆப் உள்ள போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் கொடுங்கள். கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் போய்வர வேண்டும், அதற்குமேல் வேண்டாம். காதைக் கிட்டே கொண்டுபோனால் உரசும் இடத்தில் மெல்லிய 'சர்... சர்...' கேட்கும். வளையத்தின் விளிம்பை ஒரு பக்கமாக இம்மியளவு தள்ளுங்கள். சத்தம் கூடினால் எதிர்ப்பக்கம். சத்தம் அறவே நின்ற இடத்தில் சுற்றிலும் விரலால் அழுத்திப் பசை பிடிக்கும்வரை விடாதீர்கள். இதற்குக் கை வராது என்பவர்கள் கோனின் நடுவில் உள்ள மூடியை, அதாவது டஸ்ட் கேப்பை, பிளேடால் கவனமாக அறுத்துத் திறந்து, காயிலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கீற்றுகளை நாலாபக்கமும் செருகி, அப்படியே ஒட்டலாம். அது இன்னும் துல்லியமான வழி. ஆனால் கேப் திறந்திருக்கும் நேரத்தில் மேஜையில் ஓர் இரும்புத்தூள்கூட இருக்கக் கூடாது. இடுக்குக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.

காயில் எரிந்திருந்தால் கதை வேறு. நம் ஊர்களில் கோன் மாற்றி, காயில் கட்டித் தருபவர்கள் பெரும்பாலும் ரேடியோ செட் ஸ்பீக்கர்களுக்குப் பழகியவர்கள். அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் கையிருப்பில் உள்ள தடித்த பேப்பர் கோன் வீட்டு ஸ்பீக்கருக்குப் பொருந்தாது. உங்கள் கோனையே கழற்றி, அதே கேஜ் கம்பி, அதே அடுக்கு, அதே உயரத்தில் கட்டச் சொல்லுங்கள்; முடிந்ததும் மீட்டர் வலது பக்க எண்ணையே காட்ட வேண்டும். அதற்கு முன் மேக்னெட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் பாக எண்ணைக் குறித்து இணையத்தில் தேடுங்கள். ஸ்பீக்கரின் மாடல் பெயரில் தேடினால் கிடைக்காத வூஃபர், பாக எண்ணில் தேடினால் வேறொரு மாடலிலிருந்து கழற்றியதாகக் கிடைப்பதுண்டு.

ட்வீட்டரில் இந்தக் கைவைத்தியம் எதையும் முயல வேண்டாம். டயஃப்ராமோடு (ஒலியெழுப்பும் மெல்லிய குவிமாடத்தோடு) மாற்றுவதே வழி. யமஹாவின் என்எஸ்-1000எம் போன்ற சில பழைய ஸ்பீக்கர்களில் குவிமாடம் பெரிலியத்தால் ஆனது. அது உடைந்திருந்தால் தொடவே தொடாதீர்கள், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

ஒட்டி முடித்து ஒரு நாள் கழித்து மாட்டுங்கள். மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை வூஃபரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் சிலவற்றில் உள்ளே போகும், அதனால் இரண்டு வூஃபரும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்பதையே பாருங்கள். ஒன்று தலைகீழாக இருந்தால் பாஸ் காணாமல் போய்விடும். திருகு ஓட்டைகள் பொருந்துமானால் வூஃபரை அரைவட்டம் திருப்பி மாட்டுங்கள். இத்தனை வருஷம் ஒரே நிலையில் இருந்து, கோனைப் பின்னாலிருந்து தாங்கும் நெளிவுத் துணியான ஸ்பைடர் கீழ்நோக்கித் தொய்ந்திருக்கும். பெட்டி திறந்திருக்கும்போதே கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்களை அளந்துவிடுங்கள். மைக்ரோஃபாரட் மதிப்பு மாறியிருந்தால் இரு பக்கமும் அதே மதிப்பில் மாற்றுங்கள், கடையில் பைபோலார் (பிளஸ் மைனஸ் பேதமில்லாதது) என்று கேட்டு வாங்குங்கள்.