தோல் ஹேண்டில்: உங்க கேள்வி, நம்ம பதில்

கேள்வி: "ஒரிஜினல் லெதர், கையில தெச்சது"ன்னு போட்டிருந்ததை நம்பி ஆன்லைன்ல பேக் வாங்கினேன். ஹேண்டில் இப்ப செதில் செதிலா உரியுது. (ஈரோடு)

பதில்: அது தோலே இல்லீங்கம்மா, துணி மேல பூசின பியூ (PU)ங்கற பிளாஸ்டிக். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பில்லு, அந்த விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், உரிஞ்ச போட்டோ எல்லாம் எடுத்து வெச்சுட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்குது, 5 லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கெடையாது, பிரச்சனை வந்து 2 வருசத்துக்குள்ள போட்ரோணும். விட்றாதீங்க.

கேள்வி: கடையில நின்னே நல்ல தோலான்னு எப்படி பாக்கறது? (கோபி)

பதில்: வெட்டின ஓரத்த பாருங்க. நம்ம ஈரோட்டுப் பக்கம் மரப்பட்டை, கடுக்காய் போட்டு பதப்படுத்தற தோலு உள்ள வரைக்கும் பழுப்பா இருக்கும், குரோமிய உப்புல பதப்படுத்தின குரோம் தோலுன்னா நடுவுல பெரும்பாலும் நீலம் பாஞ்ச சாம்பல் நெறம் தெரியும். ஹேண்டிலுக்கு வெறைப்பான பட்டைத் தோலுதான் சரி.

கேள்வி: பழைய சூட்கேஸுக்கு ஹேண்டில் கையில தெக்க 800 ரூவா கேக்கறாரு, மெஷின்ல 150க்கு முடிஞ்சுருமே? (திருப்பூர்)

பதில்: இதை நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டனுங்க. மெஷின் தையல்ல மேல் நூலும் கீழ் நூலும் நடுவுல கோத்துக்கிட்டு நிக்குது, ஒண்ணு அறுந்தா பக்கத்துல இருக்கறதும் தளர்ந்து வரிசையா பிரிஞ்சு வரும். கையில தெக்கறவரு ஒரே மெழுகு நூலுக்கு ரெண்டு பக்கமும் ஊசி கோத்து, குத்தூசில போட்ட ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஊசியையும் எதிரும் புதிருமா விட்டு இழுக்கறாரு, அதுல ஒண்ணு அறுந்தாலும் மத்தது புடிச்சுக்கும். அதுக்கு முன்னால தோலை நனைச்சு, உள்ள கயிறு வெச்சு உருட்டி ஒட்டோணும், தெச்சப்பறம் ஓரத்த தேச்சு மெழுகு போட்டு மழமழன்னு ஆக்கோணும். எனக்கு 3000 ரூவாய்க்கு ஒரு பேக்கை கைத்தையல்னு சொல்லி வித்தாங்க, கோயமுத்தூர் ஜங்ஷன் படியில ஹேண்டில் பிரிஞ்சு வந்தப்பதான் அது மெஷின் தையல்னு தெரிஞ்சுது. மால்ல ஒட்டியிருக்கற வெலைய வாயத் தொறக்காம குடுக்கறோம், ரோட்டோரம் உக்காந்து தெக்கறவருகிட்ட மட்டும் பேரம் பேசறோம், இது ஞாயமே இல்ல. 800 குடுங்க.

கேள்வி: பில் வாங்கல, கடை பேரும் ஞாபகமில்ல. மாத்தித் தருவாங்களா? (பொள்ளாச்சி)

பதில்: மாட்டாங்க.

கேள்வி: மழையில நனைஞ்ச ஹேண்டிலை வெயில்ல போட்டேன், கட்டையாட்டம் ஆயிருச்சு. (சத்தி)

பதில்: தோலை வெயில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ எழுதறது? நெழல்ல, காத்தாட காயோணும். இப்ப துணியில எண்ணெய தொட்டு லேசா தேச்சு ஒரு நாள் விடுங்க, நெறம் கொஞ்சம் கறுக்கும். வெடிப்பு விட்டிருந்தா அதுல வெயிட் தூக்காதீங்க, புதுசா தெச்சுக்கோங்க.