தடித்த ஆக்சில் ஷாஃப்ட் போட்டால் டிஃபரன்ஷியல் கியரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ஆஃப்ரோடு வண்டிக்குப் பின்னால் டானா 44 ஆக்சில். 30 ஸ்ப்ளைன் (முனையில் 30 பல்வரிகள் வெட்டிய) ஷாஃப்ட், லாக்கர் இல்லாத ஓப்பன் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் பாகம் இல்லாமல் தனித்தனி வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு. 35 அங்குல டயருக்கு மாறிய பிறகு ஒரு ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. 35 ஸ்ப்ளைன் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஷாஃப்ட் போட நினைக்கிறேன். “அப்போ உள்ளே கியரையும் மாத்தணும்” என்கிறார் மெக்கானிக். எந்த கியர்? கிரவுன், பினியனும் சேர்த்தா?

பதில்: இன்ஜின் சுழற்சியை ஆக்சில் பக்கம் திருப்பும் கியர் ஜோடியான கிரவுன், பினியனைத் தொட வேண்டாம். அவர் சொல்வது சைடு கியர்களை. ஷாஃப்டின் உள்முனையில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் வரிகள் போய் உட்காருவது அவற்றின் துளைக்குள்தான். 30 வரி ஷாஃப்டின் விட்டம் சுமார் 1.31 அங்குலம், 35 வரிக்கு 1.50. பழைய துளைக்குள் புதியது நுழையவே நுழையாது.

கால் அங்குலம்கூட இல்லாத இந்த வித்தியாசத்துக்கா இவ்வளவு செலவு என்று தோன்றலாம். ஆனால் ஷாஃப்டின் முறுக்குத் தாங்கும் திறன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். அதே உலோகத்தில் 1.31லிருந்து 1.50க்குப் போனாலே ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல் பலம். 4340 குரோமோலி தரும் பலம் அதற்கு மேல்.

சரி, 35 வரி சைடு கியர் ஒரு ஜோடி கிடைத்தால் போட்டுவிடலாமா? நான் அதைச் சொல்ல மாட்டேன். சைடு கியரின் வெளி அளவை, அந்தக் கியர்களைத் தாங்கிச் சுழலும் கேரியரின் கூடு கட்டுப்படுத்துகிறது. துளையை மட்டும் 1.50க்குப் பெரிதாக்கினால், துளைக்கும் கியர் பல்லின் அடிக்கும் நடுவே உள்ள உலோகம் சுற்றிலும் 2.4 மி.மீ. மெலிந்துவிடும். ஷாஃப்ட் நுழையும் கேரியர் கழுத்தையும் கடைந்து அகலப்படுத்த வேண்டிவரும், பேரிங் உட்காரும் இடமும் அதுதான். ஆக, ஷாஃப்ட் தப்பிக்கும், கியர் உடையும். ஷாஃப்ட் உடைந்தால் உருவி எடுத்து வேறு போடலாம். கியர் பல் உடைந்து, அந்தத் துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே போய்விட்டால் ஆக்சிலே காலி.

அதனால் 35 ஸ்ப்ளைன்தான் என்று முடிவு செய்தால், அந்த அளவுக்கென்றே செய்த லாக்கரை அதன் கேரியரோடு முழுசாக வாங்குங்கள். லாக்கர் போடும் எண்ணம் இல்லையென்றால் 35 ஸ்ப்ளைனே உங்களுக்குத் தேவையா என்று யோசிக்க வேண்டும். ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் மறுபக்க ஷாஃப்டுக்கும் ஏறக்குறைய ஒன்றும் போகாது. லாக்கர் வந்ததும் கதை மாறுகிறது. பின் ஆக்சில் மேல் 1,200 கிலோ எடை, அத்தனையும் ஒரே டயர் மேல் சாய்ந்திருக்கிறது, பாறையில் உராய்வு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 அங்குல டயருக்கு அந்த ஒற்றை ஷாஃப்ட் ஏறத்தாழ 4,000 நியூட்டன் மீட்டர் தாங்க வேண்டும். 35 ஸ்ப்ளைனுக்கு அர்த்தம் வருவது இங்கேதான்.

உங்கள் ஷாஃப்ட் ஓப்பன் டிஃபரன்ஷியலிலேயே முறுக்கியிருக்கிறது. பெரும்பாலும் அது அதிர்ச்சிச் சுமையின் வேலை: காற்றில் வேகமாகச் சுழலும் சக்கரம், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்காத நிலையில் சட்டென்று தரையைப் பிடித்திருக்கும். லாக்கர் வேண்டாம் என்றால் 30 ஸ்ப்ளைன் குரோமோலி ஷாஃப்டே போதும் என்பது என் கருத்து. கியர் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் பழைய சைடு கியரின் உள்வரிகளை விரலால் தடவிப் பாருங்கள். முறுக்கிய ஷாஃப்ட் அவற்றில் படி போலத் தேய்மானம் விட்டிருந்தால் சைடு கியர், அதோடு பிணையும் சிறிய ஸ்பைடர் கியர், வாஷர் எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள். புதிய ஷாஃப்ட் கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ பொருந்தவில்லை.

லாக்கர் பக்கம் போகிறீர்கள் என்றால் ஷாஃப்டுக்கு முன்னால் லாக்கரை வாங்குங்கள். வரி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வரிகளின் இடைவெளி (பிட்ச்), அவற்றின் பக்கச் சாய்வு (அழுத்தக் கோணம்) வேறாக இருந்தால் சேராது. லாக்கருக்குள் வரிகள் தொடங்கும் ஆழமும் ஒவ்வொன்றிலும் வேறுபடும். ஷாஃப்ட் முனையில் கொஞ்சம் மார்க்கிங் பெயின்ட் தடவி நுழைத்து எடுத்தால் எவ்வளவு நீளம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஷாஃப்டின் முனை, நடுவில் ஸ்பைடர் கியர்களைத் தாங்கும் கிராஸ் பின்னில் இடிக்கவும் கூடாது. வெளிப்பக்க சீல், பேரிங் அளவுகளையும் அப்போதே ஒத்துப்பாருங்கள்.

இன்னொன்று, கிரவுன், பினியன் ஜோடி தரும் கியர் விகிதம். வழக்கமான டானா 44இல் 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92க்கு மேல் வேறு கேரியர். இப்போது 3.73இல் ஓடும் வண்டிக்குப் பெரிய டயருக்காக 4.56 போடும் யோசனை இருந்தால், அதையும் இந்த வேலையோடு முடித்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் இன்னொரு லாக்கர் வாங்க நேரும்.

விகிதம் மாறாமல் பழைய கிரவுன், பினியனே தொடர்ந்தால், பிரிக்கும் முன் பேக்லாஷை (இரண்டின் பற்களுக்கு நடுவே உள்ள தளர்வை) டயல் கேஜில் அளந்து எழுதி வையுங்கள். புதிய கியருக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. வரை வைப்பார்கள். ஓடிப் பழகிய ஜோடியைப் பழைய அளவுக்கே ஷிம் (மெல்லிய தகடு) போட்டுக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஊளைச் சத்தம் வரும்.