ஸ்டைலாய்டு: மண்டையடியில் ஓர் ஊசி (கேள்வி பதில்)

கே: காதுக்குப் பின்னால் விரலில் தட்டுப்படும் மேடுதானே ஸ்டைலாய்டு?

ப: இல்லை, அது மாஸ்டாய்டு. ஸ்டைலாய்டு என்ற ஊசிபோன்ற எலும்பு முனை அதற்கு முன்னால், பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உள்பக்கமாக, கீழும் முன்னும் சாய்ந்து இறங்குகிறது. சராசரி நீளம் 2.5 செ.மீ.

கே: அதில் ஒட்டியிருக்கும் தசை, நார் ஐந்தையும் மனப்பாடம் செய்ய வழி சொல்லுங்கள்.

ப: மனப்பாடத்தை விடுங்கள், எது எங்கே போகிறது என்று பாருங்கள். நாக்குக்குப் போகும் ஸ்டைலோகிளாசஸுக்கு 12ஆம் மூளை நரம்பு. தொண்டைச் சுவருக்குப் போகும் ஸ்டைலோஃபாரிஞ்சியஸுக்கு 9. ஹயாய்டு என்ற நாக்கடி எலும்புக்குப் போகும் ஸ்டைலோஹயாய்டுக்கு 7. ஒரே குச்சியில் தொங்கும் மூன்று தசைக்கு மூன்று நரம்பு ஏன்? கருவில் முறையே ஒன்று பிடரிப் பக்கத்துத் தசைத் துண்டங்களிலிருந்தும், ஒன்று மூன்றாம் தொண்டை வளைவிலிருந்தும் (கருவின் கழுத்துப் பக்கத்தில் தோன்றும் மேடுகளில் ஒன்று), ஒன்று இரண்டாம் வளைவிலிருந்தும் வருகிறது. எலும்பும் இரண்டாம் வளைவுதான், அந்த வளைவின் ரைகெர்ட் என்ற குருத்தெலும்பு. மிச்சம் இரண்டு நார்கள்: ஒன்று தாடைக் கோணத்துக்கு, மற்றொன்று ஹயாய்டின் சின்னக் கொம்புக்கு. இந்த இரண்டாவது நாரில் சுண்ணாம்பு படிந்தால் ஸ்டைலாய்டு "வளர்ந்தது" போலத் தெரியும்.

கே: பல் எக்ஸ்ரேயில் 3.4 செ.மீ. என்கிறார்கள். வெட்டி எடுக்க வேண்டுமா?

ப: படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழுத் தாடையையும் காட்டும் பனோரமிக் எக்ஸ்ரே உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 3 செ.மீ. தாண்டினால் நீளம் என்பது வழக்கம்தான், ஆனால் நீண்டிருக்கும் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை.

கே: தவறு. காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஈகிள் 1937லேயே நீளம்தான் வலிக்குக் காரணம் என்று எழுதிவிட்டாரே?

ப: அவர் எழுதியது வலியோடு வந்தவர்களைப் பற்றி. வலியில்லாதவர் கழுத்தில் இருப்பதை அது எப்படிச் சொல்லும்? நீளத்தோடு சாய்வும் கணக்கு: முனை உள்பக்கமாகத் திரும்பினால் டான்சில் குழியில் உறுத்தும், கழுத்திலுள்ள உள், வெளி கரோட்டிட் தமனிகளில் ஒன்றை அழுத்தவும் கூடும். மருத்துவர் டான்சில் குழியை விரலால் அழுத்தும்போது அதே வலி கிளம்பி, அங்கே மரப்பு ஊசி போட்டதும் அடங்கினால் சந்தேகம் வலுக்கும். பிறகு முப்பரிமாண சி.டி. வீட்டில் நீங்களே விரலை விட்டுப் பார்க்காதீர்கள்.

கே: அப்படியானால் அறுவை வாய் வழியாகவா, கழுத்து வழியாகவா?

ப: வாய் வழியில் வெளித்தழும்பில்லை, ஆனால் பார்வை குறுகல், ரத்தம் கசிந்தால் அடக்குவது சிரமம். கழுத்து வழியில் எல்லாம் தெளிவாகத் தெரியும், தழும்பு மிஞ்சும், முகநரம்பை (மேலே சொன்ன 7ஆம் நரம்பு) கவனிக்க வேண்டும். முடிவு அறுவை செய்பவருடையது.

கே: காதுக்குப் பின்னால் கெட்டியாக ஏதோ...

ப: முதல் பதில்.

கே: எனக்கும் காதுக்குப் பின்னால்...

ப: மாஸ்டாய்டு! புதிதாக வந்ததென்றாலோ, சிவந்து வலித்தாலோ காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: முகநரம்பு எங்கே வெளிவருகிறது?

ப: ஸ்டைலாய்டுக்கும் மாஸ்டாய்டுக்கும் நடுவே, ஸ்டைலோமாஸ்டாய்டு துளையில். பிறந்த குழந்தைக்கு மாஸ்டாய்டு வளர்ந்திருக்காது, நரம்பு தோலுக்கு அருகிலேயே கிடக்கும். ஆயுதப் பிரசவத்தில் (இடுக்கி போட்டுக் குழந்தையை எடுக்கும்போது) அது நசுங்குவது இதனால்தான்.

கே: எங்கள் மாதிரி மண்டையில் ஒரு பக்கம் ஸ்டைலாய்டே இல்லை. பிறவிக் குறையா?

ப: பெரும்பாலும் உடைந்திருக்கும். அடியில் உறைபோல் ஒரு எலும்புத் தகடு சுற்றியிருக்கும், அதற்குள் சொரசொரப்பான முறிந்த முகம் தெரிகிறதா பாருங்கள். இனி மண்டையை மேசையில் நேரடியாக வைக்காமல் துணி வளையத்தில் வையுங்கள். மிச்சமிருக்கும் பக்கமாவது தப்பும்.