ஒரே மாடு, இரண்டு எண்ணிக்கை

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பின மாட்டுக்கு மடியில் வீக்கம் இல்லை, பாலில் திரியும் இல்லை. ஆனாலும் சோமாடிக் செல் (மடிநோய் இருந்தால் பாலில் கூடும் உடல் செல்கள்) எண்ணிக்கை பார்க்கக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கக் கேனில் இருந்த பாலை மேலாக ஒரு கரண்டி மொண்டு கொடுத்ததில் ஒரு மில்லிக்கு ஆறு லட்சம். நான்கு நாள் கழித்து, சாயந்தரம் பாட்டிலில் பிடித்து, கெடாமல் இருக்கட்டும் என்று திண்ணையில் வைத்து, காலையில் கொடுத்தேன். ஒன்றரை லட்சம்! லேப்பில் தப்பா, டாக்டர்?
- வாசகி, தலைக்குந்தா (ஊட்டி அருகே)

பதில்: லேப்பை விடுங்கம்மா. இரண்டு எண்ணையுமே நான் நம்ப மாட்டேன்.

முதலில் ஆறு லட்சம். அசையாமல் நின்ற பாலில் ஏடு மேலே கட்டும். செல்களும் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். நீங்கள் மொண்டது பாலை அல்ல, ஏட்டை.

ஒன்றரை லட்சம்தான் ஆபத்தானது. தலைக்குந்தாவில் ஜனவரி ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புல்லெல்லாம் வெள்ளையாகும் குளிரில் திண்ணைப் பாட்டில் மட்டும் தப்புமா? பால் ஐஸாக உறைந்தால் செல் உடையும். சாயம் ஏறிய உட்கருவைப் பார்த்துத்தான் கருவி எண்ணுகிறது. உடைந்ததில் பலதும் கணக்கில் விழாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊட்டி குவார்ட்டர்ஸ் ஜன்னலில் எட்டு பாட்டில்களை இப்படித்தான் வைத்தேன். காலையில் கழுத்துவரை ஐஸ். உருக்கி அனுப்பினேன், எண்ணிக்கை குறைவாக வந்தது. "மாடு நல்லா இருக்கு" என்று ஒரு பெரியவரிடம் சொல்லியும் விட்டேன். பத்து நாளில் ஒரு காம்பு கல்லாகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் முறை இப்படி எடுங்கள். மடியைக் கழுவித் துடைத்து, முதல் மூன்று பீச்சைத் தனியே விட்டுவிடுங்கள். கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலை மட்டும் பிடித்தாலும் எண்ணிக்கை ஏறும். ஆகவே முழுக் கறவையையும் வாளியில் விட்டு, அடிவரை கலக்கி, உடனே மொள்ளுங்கள். பாட்டிலில் கொஞ்சம் இடம் விடுங்கள், லேப்பில் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பிரிட்ஜில் 4 டிகிரி போதும், ஃப்ரீசர் வேண்டாம். மறுநாளுக்குள் சேர்த்துவிடுங்கள். காலையா மாலையா என்றும் எழுதுங்கள். கறவை இடைவெளி குறைந்த வேளையில் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும்.

அதிலும் 2 லட்சத்தைத் தாண்டினால், நாலு காம்புக்கும் தனித்தனியாக சி.எம்.டி. (மடிநோய்க்கான கலிபோர்னியா சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். கறந்த சூட்டோடு மாட்டுக் கொட்டகையிலேயே பார்க்கலாம். எந்தக் காம்புப் பால் கூழாகிறதோ, அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.