பிளேட் வைத்த கணுக்காலில் நீர் கசிகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்து, மூன்று மாதத்துக்கு முன் பிளேட் வைத்தார்கள். தையல் போட்ட இடத்தில் சின்னத் துளை, நீர் கசிகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நிற்கிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. பிளேட்டை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: நின்று நின்று வருகிறது என்கிறீர்களே, அதுதான் கவலை தருகிறது. மேல்தோல் புண் இப்படி நடந்துகொள்ளாது. கசிவு பிளேட்டிலிருந்தோ எலும்பிலிருந்தோ வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வெளிக்கணுக்காலைத் தடவிப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. நடுவில் சதையே கிடையாது. பிளேட் உட்கார்ந்திருப்பது அங்கேதான். குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல் கிருமிகள் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிதான். எதுவென்று தெரியாமல் மருந்து மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. துளையின் வாயில் பஞ்சால் ஒற்றி எடுக்கும் கல்ச்சரையும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) நம்ப முடியாது, அதில் தோல் கிருமிதான் வளரும். ஆபரேஷன் தியேட்டரில் ஆழத்திலிருந்து ஐந்து இடங்களிலாவது திசு எடுக்க வேண்டும். முடிந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைப்பார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சிஆர்பி நார்மல் என்று வந்தாலும் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பிளேட் விஷயம் எலும்பு கூடிவிட்டதா என்பதைப் பொறுத்தது. கூடியிருந்தால் பிளேட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுமார் 6 வாரம் மருந்து தருவது வழக்கம். கூடவில்லை, ஆனால் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறது என்றால், சுத்தம் செய்துவிட்டுப் பிளேட்டை வைத்தே 12 வாரம் வரை மருந்து தருவதுண்டு. ஆட்டம் கண்ட பிளேட்டை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. எடுத்துவிட்டு வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்துவார்கள். மருந்து முழுக்க ஊசியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. 2019இல் வெளியான எலும்பு, மூட்டுத் தொற்று பற்றிய பிரிட்டனின் ஓவிவா ஆய்வில், சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரையும் ஊசிக்குச் சளைக்கவில்லை.

சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். குளிர்காய்ச்சல், மேலேறும் சிவப்பு, திடீரென எகிறும் சர்க்கரை, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா? எழுதவில்லை நீங்கள். பிடித்தால் எலும்பு கூடுவதும் புண் ஆறுவதும் தாமதப்படும்.

எலும்பு மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்ஸ்ரேக்கள், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.