உட்கார முடியாத நாற்காலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் இங்கே கோலாலம்பூரில் நாற்காலி, மேசை வடிவமைக்கும் படிப்பு படிக்கிறான். இரண்டாம் ஆண்டு. பரிசோதனை முயற்சி என்று சொல்லி, முதுகு சாயவே இடமில்லாத ஒரு மூன்று கால் நாற்காலி செய்து படம் அனுப்பினான். அதில் யார் உட்காருவார்கள்? கேட்டால் வெள்ளைக்காரர்கள் பெயராகச் சொல்கிறான். இதெல்லாம் காசு இருப்பவர்களின் விளையாட்டு இல்லையா? வேறு படிப்புக்கு மாறச் சொல்லலாமா?

கு., செந்தூல்

அன்புள்ள கு.,

படிப்பை மாற்றுவது உங்கள் குடும்பத்து விஷயம், அதில் நான் தலையிடவில்லை. மூன்று காலைப் பற்றியும் கவலை வேண்டாம். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஆடுவது நான்கு கால்தான்.

ஆனால் ‘காசு இருப்பவர்களின் விளையாட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியவில்லை. கொஞ்ச நாளாக என் மனதிலும் இதுதான் ஓடுகிறது. 1974இல் இத்தாலியில் என்ஸோ மாரி என்பவர், சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் வைத்து யாரும் செய்துகொள்ளக்கூடிய மேசை, நாற்காலி, கட்டில் வரைபடங்களைத் தபால் செலவு அனுப்பியவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். இது காசுக்காரர் விளையாட்டா? நம் பழைய கோப்பிக் கடைகளில் வளைந்த மர நாற்காலி பார்த்திருப்பீர்கள். அதன் மூதாதை 1859இல் தோனெட் என்ற ஐரோப்பியத் தச்சர் செய்தது. பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து, ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டில் முடித்தார். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். விலை மலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஐரோப்பாவை விடுங்கள். நான் சொல்ல வந்தது ரப்பர் மரம்.

என் தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். பாட்டிக்கு அது விறகு, அவ்வளவுதான். லயத்து வீட்டுப் பின்புறம் பிளந்து அடுக்கிய வெள்ளை விறகு சில நாளிலேயே நீலமும் கறுப்புமாகப் பூத்துவிடும். அப்புறம் வண்டு துளைத்து, அடியில் மாவு மாவாகக் கொட்டிக் கிடக்கும். மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்னத்தான் பூஞ்சையும் வண்டும் வருகின்றன. அந்த மரத்தில் நாற்காலி செய்யலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பாட்டி சிரித்திருப்பாள்.

கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தவர்களும் இன்னும் பலரும் விடாமல் முயன்றார்கள். வெட்டிய சூட்டோடு அறுத்து, பூச்சியைத் தடுக்கும் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றி, சூளையில் ஈரத்தைப் பத்து விழுக்காடு அளவுக்கு இறக்கினால் மரம் கெடாமல் நிற்கிறது என்று கண்டார்கள். நீளமான பலகை கிடைக்காது என்ற குறைக்கும் வழி வந்தது: துண்டுகளின் முனையில் பல் வெட்டி, இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி ஒட்டிவிடுகிறார்கள். இன்று ஜொகூரின் மூவாரிலிருந்து உலகம் முழுக்கப் போகும் கட்டிலும் மேசையும் பெரும்பாலும் அந்த விறகுதான். இந்த நாட்டில் நடந்த பெரிய மரச்சாமான் பரிசோதனை இது. பார்வைக்கு அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. பொருளை என்ன செய்ய முடியும் என்று கடைசிவரை போய்ப் பார்த்தார்கள். நம் ஆட்கள் மூன்று தலைமுறையாகத் தொட்ட மரம், கு. அதைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டா?

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். கைப்பேசியில் படம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பையன் செய்த நாற்காலியில் நீங்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்தீர்களா? பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள், அது புரிகிறது. அந்தப் பயத்தை அவன் வேலையின் மேல் இறக்காதீர்கள்.

இந்த வாரமே போய் உட்காருங்கள். இடுப்பு வலித்தால் எங்கே வலிக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள், அவனுக்கு அது தேவை. என்ன மரம், ஏன் அந்த மரம், எங்கே வாங்கினான் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் எனக்கு எழுதுங்கள், அவனுக்கும் ஒரு கடிதம் போடுகிறேன்.